ஆலப்புழைப் படகு வீடு: ஓரிரவுப் பயணத்தின் நிறைகுறைகள்

முகப்பேர், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என விரியும் சென்னையின் மேற்குப் புறநகர்களில், கணவனும் மனைவியும் மட்டுமாகப் போய்வரும் படகுப் பயணம் என்றால் அது பெரும்பாலும் ஆலப்புழையில் ஓரிரவு தங்கும் படகு வீட்டையே குறிக்கும். பேச்சில் அதற்கு ‘போட் ஹவுஸ்’ என்று பெயர். புதிதாக மணமானவர்கள், பத்தாவது மணநாளைக் கொண்டாடுகிறவர்கள், பிள்ளைகள் வெளிநாடு போனபின் வீட்டில் மறுபடி இருவராகிவிட்ட ஓய்வூதியர்கள் என எல்லா வயதினரும் இதில் உண்டு. நண்பகலில் ஏறி, காயலிலும் ஆற்றிலும் மெல்லப் போய், வழியில் இரண்டொரு கரையில் இறங்கிப் பார்த்து, மாலையில் கட்டிப்போட்ட படகிலேயே இரவு தங்கி, மறுநாள் காலை 9 மணிக்கு இறங்குவது இதன் வழக்கமான ஒழுங்கு.

சொந்த ஊரில் ஆறு இல்லாமல் இவர்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. முகப்பேர் மேற்கை அடுத்த நொளம்பூரை ஒட்டிக் கூவம் ஓடுகிறது. பெருமழையில் நீர் ஏறி, நொளம்பூரையும் மதுரவாயலையும் இணைக்கும் யூனியன் சாலைத் தரைப்பாலம் மூழ்கும்போதுதான் அது ஆறாகக் கண்ணில் படுகிறது; மற்ற நாள்களில் அதைக் கடப்பவர்கள் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார்கள். கூவத்தில் உல்லாசப் படகு விடும் ஆசை அரசுக்கே இருந்தது. 1967-இல் அண்ணா முதல்வரானபின் தொடங்கிய கூவம் சீரமைப்புத் திட்டத்தில் நகருக்குள் படகுத்துறைகள் கட்டப்பட்டன. 1970-களின் தொடக்கத்தில் படகுகளும் ஓடிப்பார்த்தன. கழிவுநீர் நிற்கவில்லை, படகுகள் நின்றுவிட்டன. பக்கிங்காம் கால்வாயின் கதையும் ஏறக்குறைய இதுவே. ஒருகாலத்தில் விறகும் உப்பும் மனிதரும் அதில் போய்வந்தார்கள். பாரதிதாசன் நண்பர்களோடு அதில் படகேறி மாமல்லபுரம் போனதை ‘மாவலிபுரச் செலவு’ என்று பாடியிருக்கிறார். இன்று அந்தக் கால்வாயின் நகர்ப் பகுதிக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன.

தமிழ்நாட்டின் மற்ற ஆறுகளும் இதற்குத் தோதானவை அல்ல. பாலாறும் வைகையும் ஆண்டின் பெரும்பகுதி மணல். ஆற்றில் தமிழர் கண்ட இன்பம் பழங்காலத்திலிருந்தே நீராட்டாக இருந்தது. பரிபாடலின் வையைப் பாடல்கள் காதலரின் புனலாட்டைத்தான் விரித்துச் சொல்கின்றன. இப்போதுள்ள ஒகேனக்கல் பரிசல், பிச்சாவரம் துடுப்புப் படகு, முட்டுக்காடு படகுக் குழாம் எல்லாம் மணிக்கணக்குச் சவாரிகள். படகிலேயே உண்டு உறங்குவதற்கு வேண்டிய ஆழமும், ஆண்டு முழுதும் வற்றாத நீரும், நீண்ட வழித்தடமும் ஒருசேர இங்கே அமையவில்லை.

கேரளத்தில் ஆலப்புழையைச் சூழ்ந்த குட்டநாட்டில் அவை அமைந்திருக்கின்றன. பம்பை, மணிமலையாறு, அச்சன்கோவிலாறு, மீனச்சிலாறு ஆகியவை மலையிலிருந்து இறங்கி வேம்பநாட்டுக் காயலில் சேரும் தாழ்நிலம் அது. வயல்கள் கடல் மட்டத்துக்கு ஒன்றிரண்டு மீட்டர் கீழே கிடக்கின்றன. காயலை வரம்பு கட்டி மறித்து, நீரை இறைத்து வெளியேற்றி அங்கே நெல் விளைவிக்கிறார்கள். இந்த வேளாண் முறையை ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2013-இல் உலக வேளாண் பாரம்பரியங்களில் ஒன்றாக ஏற்றது. வரம்பின் மேல் வீடு. வீட்டுக்கு ஒருபுறம் வாய்க்கால், மறுபுறம் வாய்க்காலைவிடத் தாழ்ந்த வயல். படகில் போகிறவர் நீரின் மேலிருந்து நிலத்தைக் குனிந்து பார்க்கிறார். கொல்லத்திலிருந்து கோட்டப்புரம் வரையுள்ள 168 கிலோமீட்டர் நீர்வழி 1993-இல் மூன்றாம் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்புக்கு வெகுகாலம் முன்பே இங்கே சாலையின் வேலையைத் தண்ணீர் செய்துகொண்டிருந்தது.

அந்தச் சாலையில் ஓடிய சரக்கு வண்டிதான் கெட்டுவள்ளம். ஆஞ்சிலி மரப் பலகைகளை ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைத்து, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிக் கறுப்பேற்றிய பெரிய தோணி. நெல்லும் தேங்காயும் ஏற்றிக் கொச்சிவரை போய்வந்தது. பாலங்களும் லாரிகளும் வந்தபின் இந்தத் தோணிகள் கரையில் கிடந்து மக்கத் தொடங்கின. 1990-களின் தொடக்கத்தில் அவற்றின்மேல் மூங்கிலாலும் பாயாலும் கூரை வேய்ந்து, படுக்கையறையும் கழிப்பறையும் அமைத்துப் பயணிகளுக்கு விட்டார்கள். அழியவிருந்த ஒரு தச்சுக்கலையும், ஆற்றை அறிந்த தோணிக்காரர்களின் பிழைப்பும் அதனால் மீண்டன. இந்தச் சுற்றுலாவின் குறைகளைப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுவது வழக்கம். ஆனால் பழைய தோணிகள் சீக்கிரமே தீர்ந்துபோயின. பிறகு வந்தவற்றில் பல, இரும்பாலோ ஃபைபராலோ அடிப்பாகம் செய்து மேலே மட்டும் மூங்கில் போர்த்தியவை. இரண்டு அடுக்கு, ஐந்தாறு படுக்கையறை, கூட்டம் நடத்தும் கூடம் என்று அவை வளர்ந்தன. ஆலப்புழையைச் சுற்றி இன்று ஓடுபவை ஆயிரத்தைத் தாண்டும் என்பது பொதுவான கணக்கு.

சென்னையிலிருந்து போகும் தம்பதியின் பயணத்தை வடிவமைப்பது படகைவிட ரயில் அட்டவணைதான். வெள்ளிக்கிழமை இரவு சென்ட்ரலில் ஆலப்புழை எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் முற்பகலில் ஊர் வந்துவிடுகிறது. படகில் ஏறுவது 12 மணிக்கு. ஞாயிறு காலை இறங்கி, பிற்பகல் ரயிலைப் பிடித்தால் திங்கள் விடியலில் சென்னை. குளித்து உடைமாற்றி அம்பத்தூர் எஸ்டேட்டுக்கோ அலுவலகத்துக்கோ போய்விடலாம். ஒரு நாள் விடுப்பும் செலவாகாது. ஓரிரவுப் பேக்கேஜ் இவ்வளவு நன்றாக விற்பனையாவதற்குக் காரணம் அந்த ஓரிரவின் தனிச்சிறப்பு அன்று. வாரக் கடைசிக்குள் அது கச்சிதமாக அடங்குகிறது. இரண்டு இரவு தங்கினால் ஆற்றில் கிடைப்பது இரண்டு மடங்குக்கும் மேல். இரண்டாம் நாள் முழுவதும் படகு ஓடலாம், தொலைவான வாய்க்கால்களுக்கும் போகலாம். அதைக் கேட்பவர்கள் சிலரே.

ஓரிரவுப் பயணத்தின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். படகில் இருக்கும் நேரம் 21 மணி. நண்பகலில் புறப்பட்ட படகு உணவுக்காக ஒரு மணி நேரம் கரையோரம் நிற்கும். மாலை 5:30 மணியளவில் கட்டிப்போட்டுவிடுவார்கள். அந்திக்குப் பிறகு மீனவர்கள் வலை விரிப்பார்கள் என்பதால் இருட்டில் படகு வீடுகள் ஓடக்கூடாது. மறுநாள் காலை உணவோடு ஒரு மணி நேரம் ஓடித் துறைக்குத் திரும்பும். ஆக நகரும் நேரம் ஐந்தரை மணி நேரத்தை ஒட்டியது. மீதி நேரம் படகு ஒரு மிதக்கும் அறை. வலைக்காரர்களுக்கு இரவை விட்டுக்கொடுக்கும் இந்த ஏற்பாடு நியாயமானது, இந்தத் தொழிலில் உள்ள நல்ல விதிகளில் ஒன்று. விளம்பரத்தில் சொல்லப்படும் ‘ஒரு நாள் ஒரு இரவுப் படகுப் பயணம்’ அதனால் ஐந்தரை மணி நேரமாகச் சுருங்குகிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

நகராத நேரம் வீண் என்றும் சொல்ல முடியாது. தம்பதியர் பலருக்கு இந்தப் பயணத்தின் நல்ல பகுதி கட்டிப்போட்ட பின்புதான் தொடங்குகிறது. மாமனார் மாமியாரோடு இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கும், ஒருவர் பகல் ஷிஃப்டும் மற்றவர் இரவு ஷிஃப்டும் பார்க்கும் வீட்டினருக்கும், முன்தளத்தில் இரண்டு நாற்காலி போட்டுப் பேச்சில்லாமல் உட்கார்ந்திருப்பது அபூர்வம். போக வேண்டிய இடம் எதுவும் இல்லை. பார்த்து முடிக்க வேண்டிய பட்டியலும் இல்லை. ஊட்டி, கொடைக்கானல் பயணங்களில் வேனுக்கும் வியூ பாயிண்டுக்கும் இடையே ஓடி ஓடிக் களைத்தவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே புரியும். சமையலும் பெண்ணின் தலையில் இல்லை. படகிலேயே சமையற்காரர் இருக்கிறார். மதியம் சிவப்புச் சோறு, மோர்க்குழம்பு, தோரன், மசாலா தடவிப் பொரித்த கரிமீன். பணியாளர்களில் பலருக்குத் தமிழ் புரியும் என்பதால் உப்பு உறைப்பு சொல்லவும் தடையில்லை.

அதே வேளையில் இந்த அமைதி விலைக்குத் தக்கபடி அளக்கப்படுகிறது. கீழ்நிலைப் படகுகளில் ஏ.சி. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மட்டும் ஓடும். ‘பிரீமியம்’ என்றால் பகல் முழுதும். ஏ.சி. ஓட ஜெனரேட்டர் ஓட வேண்டும். சீசனில் இருபது முப்பது படகுகள் ஒரே கரையில் வரிசையாகக் கட்டப்படும்போது பக்கத்துப் படகின் டீசல் புகையும் இரைச்சலும், சில படகுகளில் பாட்டும் கூத்தும், அந்த முன்தள அமைதிக்குள் வந்துவிடுகின்றன. கண்ணாடி அடைத்த கூடத்துக்குள் குளிர்ச்சியாக அமர்ந்து ஆற்றைப் பார்ப்பதற்குக் கூடுதல் பணம் வாங்குவது இந்தத் தொழிலின் வேடிக்கைகளில் ஒன்று. காயல் காற்றும் சேற்று வாசனையும் தவளைச் சத்தமும் விலை குறைந்த படகில்தான் முழுமையாகக் கிடைக்கின்றன. வசதி கூடக் கூட ஆறு தள்ளிப்போகிறது.

படகின் அளவுக்கும் இது பொருந்தும். குட்டநாட்டின் அழகு அகன்ற காயலில் இல்லை. வேம்பநாட்டுக் காயலின் நடுவில் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் நீர்; பத்து நிமிடத்துக்குமேல் பார்க்க அதில் ஒன்றுமில்லை. தென்னைகள் தலைகோக்கும் குறுகிய வாய்க்கால்களில்தான் பள்ளி முடிந்து வள்ளத்தில் வரும் பிள்ளைகளையும், வாத்து மேய்ப்பவரையும், தோணியில் வரும் மளிகைச் சரக்கையும் பார்க்க முடியும். பெரிய படகு அங்கே நுழையாது. ஒற்றைப் படுக்கையறைப் படகுகூடச் சில வாய்க்கால்களின் வாயோடு நின்றுவிடும். அதனால் படகு வீட்டிலிருந்து இறங்கி, தனிக் கட்டணம் கொடுத்துச் சிறிய வள்ளத்தில் ஏறி, உண்மையான பயணத்தை ஒரு மணி நேரம் செய்துவிட்டு, மறுபடி படகு வீட்டுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

கரையிறங்குவது இந்தப் பயணத்தின் மிக வளமான பகுதியாக இருந்திருக்க வேண்டும். பம்பைக் கரையிலுள்ள சம்பக்குளத்தில் பழமையான புனித மரியாள் தேவாலயம் இருக்கிறது. அங்கே ஆனி மாத மூல நாளில் நடக்கும் படகுப் போட்டி ஆலப்புழை நேரு கோப்பைப் போட்டியைவிடப் பழையது. கைநகரியில் 2014-இல் புனிதராக உயர்த்தப்பட்ட குரியாக்கோஸ் எலியாஸ் சாவறாவின் பிறந்த வீடு காக்கப்படுகிறது. கருமாடியில் பாதி உடைந்த கருங்கல் புத்தர் அமர்ந்திருக்கிறார். ஊரார் அவரைக் ‘கருமாடிக்குட்டன்’ என்கிறார்கள். காயல் நடுவே பறவைகள் தங்கும் பாதிராமணல் தீவு. சற்றுத் தள்ளி தகழி: சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் ‘செம்மீன்’ படித்த தமிழ் வாசகருக்கு அந்த ஊர்ப் பெயரே போதும். அந்த நாவலின் ஆசிரியரான, இவ்வூர்க்காரர் தகழி சிவசங்கரப் பிள்ளை ‘ரண்டிடங்கழி’யில் எழுதியது இந்த வயல்களின் உழவுக்கூலிகளைப் பற்றித்தான். படகு வீட்டின் முன்தளத்திலிருந்து பசுமையாகத் தெரியும் அந்த வயல் யாருடைய முதுகில் மீட்கப்பட்டது என்பதற்கு அதைவிட நல்ல வழிகாட்டி நூல் இல்லை.

நடைமுறையில் படகு நிற்கும் கரைகள் வேறு. மீன் கடை ஒன்றில் நிற்கும். ஐஸ் பெட்டியிலிருந்து பெரிய இறாலும் கரிமீனும் எடுத்துக் காட்டுவார்கள். நகரச் சந்தையைவிடக் கூடுதல் விலைக்கு வாங்கிப் படகில் சமைக்கச் சொல்லலாம். இளநீர்க் கடை, கள்ளுக்கடை, ஆயுர்வேத மசாஜ் நிலையம் ஆகியவற்றிலும் நிற்கும். படகுக்காரருக்கு அங்கெல்லாம் ஏதோ ஒரு பங்கு உண்டு என்பது ஊரறிந்தது. சம்பக்குளம் தேவாலயத்தில் நிறுத்தச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் நிறுத்துவார்கள். கேட்கத் தெரிந்திருக்க வேண்டும், முன்பதிவின்போதே பேசியிருக்க வேண்டும். உலகின் பிற ஆற்றுப் பயணங்களோடு வைத்துப் பார்த்தால் இந்தக் குறை பெரிதாகத் தெரிகிறது. நைல் நதியில் லக்சருக்கும் அஸ்வானுக்கும் இடையே ஓடும் கப்பல்கள் எட்ஃபு, கோம் ஓம்போ கோயில்களில் நிற்பதற்காகவே ஓடுகின்றன. கப்பல் ஒரு வாகனம், பயணம் கரையில். 2023 ஜனவரியில் வாராணசியிலிருந்து திப்ருகர் நோக்கிப் புறப்பட்ட கங்கா விலாஸ் கப்பலின் 51 நாள், 3,200 கிலோமீட்டர்ப் பயணமும், எவ்வளவு ஆடம்பரமானதாக இருந்தாலும், கரையிலுள்ள இடங்களைச் சுற்றித்தான் திட்டமிடப்பட்டது. ஆலப்புழையில் படகே பார்க்கும் பொருளாகிவிட்டது.

கரையில் வாழ்கிறவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு இன்னும் கடுமையானது. பயணி காசு கொடுத்துக் கடந்துபோகும் வாய்க்கால் அவர்களுக்குத் தெரு, குளியல் துறை, துவைக்கும் கல். சில அடி தள்ளிக் குளிக்கும் பெண்ணைக் கேமரா படம்பிடிக்கிறது. தனிமை தேடி வந்த தம்பதி இன்னொருவர் தனிமைக்குள் நாள் முழுதும் நுழைந்துகொண்டே போவதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. படகு எழுப்பும் அலை மண் கரைகளை அரிக்கிறது. சுற்றிலும் நீர் நிறைந்த குட்டநாட்டில் குடிநீர்த் தட்டுப்பாடு நீண்டநாள் பிரச்சினை. பல இடங்களில் குடிநீரே படகில் வந்து சேருகிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் குட்டநாட்டின் பெரும்பகுதி மூழ்கி மக்கள் வெளியேற்றப்பட்டபோது படகு வீடுகளும் ஆட்களை ஏற்றிச் சென்றன. ஊருக்கும் இந்தத் தொழிலுக்கும் உள்ள உறவு பகை மட்டுமன்று என்பதற்கு அது சான்று. கரையோர வீடுகளில் பலவற்றின் மகனோ மருமகனோ ஏதாவதொரு படகில் வேலை பார்க்கிறார்.

கழிவு விஷயத்தில் இந்த வழக்கத்துக்கு ஆதரவாகப் பேசுவது கடினம். படகுக் கழிவறைக்குத் தொட்டி இருக்க வேண்டும், தொட்டியை உரிய இடத்தில் காலி செய்ய வேண்டும் என்பது விதி. ஆனால் சமையலறைக் கழுவுநீருக்கும் டீசல் கசிவுக்கும் போகும் இடம் பெரும்பாலும் காயலேதான். இதைக் கூர்மையாக்குவது தண்ணீர்முக்கம் தடுப்பணை. நெல் வயல்களில் உப்புநீர் ஏறாமல் காக்க 1970-களில் வேம்பநாட்டுக் காயலுக்குக் குறுக்கே கட்டப்பட்டது அது. அதன் மதகுகள் டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை, பல ஆண்டுகளில் அதற்கும் பின்னால்வரை, மூடியிருக்கும். அந்த மாதங்களில் கடல் ஏற்றவற்றம் தெற்குப் பகுதிக்கு வராது, நீர் தேங்கும், ஆகாயத் தாமரை பெருகும், கழிவு கலைந்து போக வழி இருக்காது. சுற்றுலாச் சீசனின் உச்சமும் அதே டிசம்பர், ஜனவரிதான். காயல் தன்னைக் கழுவிக்கொள்ள முடியாத வேளையில் அதன்மேல் அதிகப் படகுகள் ஓடுகின்றன. 2002-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம் இது. படகு உரிமையாளர்களை மட்டும் குற்றம் சொல்வது சரியாகாது. தடுப்பணை உழவருக்காக வந்தது. மதகு திறக்கும் நாள்பற்றி உழவருக்கும் மீனவருக்கும் இடையே ஒவ்வோர் ஆண்டும் இழுபறி. அந்த இழுபறியில் சுற்றுலாவுக்கு ஒரு தரப்பாக நிற்கும் பொறுப்பு உண்டு. அது இன்னும் வந்து நிற்கவில்லை.

பாதுகாப்பைப் பொறுத்தவரை படகு வீடுகளின் பெயர் மற்றப் படகுகளின் பெயரைவிட நன்றாகவே இருக்கிறது. கேரளத்தைக் கலங்கவைத்த விபத்துகள், 2002 ஜூலையில் முகம்மாவிலிருந்து குமரகம் போன பயணிகள் படகு (29 பேர் பலி), 2009 செப்டம்பரில் தேக்கடியில் கவிழ்ந்த ‘ஜலகன்யகா’ (45 பேர்), 2023 மே மாதம் தானூரில் கவிழ்ந்த உல்லாசப் படகு (22 பேர்), மூன்றும் ஆள்கூட்டம் ஏற்றிச் சென்றவை. சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரியில் 2011 கிறிஸ்துமஸ் அன்று 22 பேர் இறந்ததும் அப்படியே. அளவுக்குமீறி ஏற்றுவதும், ஒரே பக்கமாகக் கூட்டம் சாய்வதும், உயிர்காப்புச் சட்டை இல்லாததும் இத்தகைய விபத்துகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் காரணங்கள். இருவர் மட்டும் போகும் அகன்ற அடிப்பாகமுள்ள படகு வீட்டில் கவிழும் ஆபத்து சிறிது. அதன் ஆபத்து வேறு: தீ. காய்ந்த மூங்கில், பாய், சமையல் எரிவாயு, டீசல், ஜெனரேட்டர் மின்கம்பி அனைத்தும் ஒரே கூரையின் கீழ். 2020 ஜனவரியில் பாதிராமணல் அருகே ஒரு படகு வீடு எரிந்தபோது, நீர் ஆழமில்லாத இடமாக இருந்ததால் பயணிகள் இறங்கித் தப்பினார்கள். ஏறும்போது படகின் பதிவு எண்ணையும், படகை ஓட்டும் சிராங்கு உரிமம் பெற்றவரா என்பதையும், தீயணைப்புக் கருவியையும் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. பலர் பார்ப்பது மெத்தை விரிப்பைத்தான்.

விலை பேசும் விதமும் ஒழுங்குபடவில்லை. சாதாரண நாளில் ஒற்றைப் படுக்கையறைப் படகு தோராயமாக ஏழெட்டாயிரம் ரூபாயில் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் அதே படகு இரண்டு மடங்கு கேட்கும். சென்னையில் ஏஜென்டிடம் முன்பணம் கட்டியவருக்கும், ஆலப்புழைத் துறையில் நின்று பேசியவருக்கும், இணையத்தில் பதிந்தவருக்கும் மூன்று விலை. படத்தில் பார்த்த படகு வராமல் அதன் ‘தம்பிப் படகு’ வருவதும் நடக்கும். துறையில் நேரில் பார்த்து எடுப்பது மலிவு, ஆனால் சனிக்கிழமை காலை ரயிலிலிருந்து மூட்டையோடு இறங்கிய தம்பதிக்குப் பேரம் பேசும் வலிமை குறைவு என்பது தரகருக்குத் தெரியும். இடையில் இத்தனை பேருக்குப் பங்கு போனபின் படகில் இருக்கும் மூவருக்கு, சிராங்கு, உதவியாளர், சமையற்காரர் ஆகியோருக்கு, மிஞ்சுவது சிறிது. இரண்டு விருந்தினருக்கு மூன்று பணியாளர் என்பது பெரிய ஓட்டலிலும் காணாத விகிதம். இரவில் விருந்தினர் கதவை மூடிக்கொண்டபின் அந்த மூவரும் சமையலறையை ஒட்டியோ முன்தளத்திலோ பாய்விரித்துப் படுக்கிறார்கள்.

இதே நீரை இன்னும் மலிவாகவும் சில வகையில் இன்னும் நன்றாகவும் பார்க்க வழிகள் இருக்கின்றன. 1968-இல் உருவான கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் பயணிகள் படகுகள் ஆலப்புழையிலிருந்து கோட்டயம், நெடுமுடி, காவாலம் பக்கம் ஓடுகின்றன. கோட்டயம் போக இரண்டரை மணி நேரம், கட்டணம் சில பத்து ரூபாய். மரப் பலகையில் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். துறைதோறும் படகு நிற்கும். பள்ளிப் பிள்ளைகளும் மீன்கூடைக்காரரும் ஏறி இறங்குவார்கள். கரைநிறுத்தம் என்ற சொல்லுக்குப் பொருள் இந்தப் படகில்தான் இருக்கிறது. இதே துறை 2017 ஜனவரியில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே ‘ஆதித்யா’ என்ற சூரிய மின்படகை இறக்கியது. 75 பேர் போகும் அந்தப் படகு டீசல் வாசமின்றி, சத்தமின்றி ஆண்டுக்கணக்கில் ஓடிவிட்ட பிறகும் படகு வீடுகள் பெரும்பாலும் டீசலிலேயே இருப்பதற்குத் தொழில்நுட்பத்தைக் காரணம் காட்ட முடியாது.

இன்னொரு வழி, கைநகரி போன்ற ஊர்களில் வரம்பின்மேல் உள்ள வீடுகளில் தங்குவது. இரவு கரையில், காலை ஆறு மணிக்கு வீட்டுக்காரரின் வள்ளத்தில் வாய்க்கால். படகு வீடுகள் இன்னும் கட்டவிழாத அந்த நேரத்தில் மீன்கொத்திக்கும் துடுப்புக்கும் மட்டுமே சத்தம். காசு நேராக ஊருக்குப் போகிறது. கழிவு நிலத்தொட்டிக்குப் போகிறது. படகிலேயே உறங்கினோம் என்ற பெருமை கிடைக்காது.

யாருக்கு எது ஏற்றது என்பது வயதையும் முழங்காலையும் பொறுத்தது. நடுத்தர வயதுத் தம்பதிக்குப் பயணிகள் படகும் வரம்பு வீடும் அதிகம் தரும். ஆனால் ஆடும் வள்ளத்தில் கால்மாற்றி ஏறவோ, துறையின் வழுக்குப் படியில் இறங்கவோ முடியாத அறுபது, எழுபது வயதினருக்குப் படகு வீட்டைப்போல் எளிதானது வேறில்லை. அகலப் பலகையில் ஒருமுறை ஏறினால் போதும், கழிவறை பக்கத்தில், சாப்பாடு மேசைக்கு வருகிறது. அவர்கள் விஷயத்தில் பார்க்க வேண்டியவை மூன்றே. மேல்தளமில்லாத ஒற்றை அறைப் படகாக இருக்க வேண்டும். மதகு திறந்து நீர் ஓடும் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் மழை விட்டிருக்கும் வாரமாகப் பார்க்க வேண்டும். காயலைச் சுற்றாமல் பம்பையில் மேலேறிச் சம்பக்குளம் போய்வரும் வழியை முன்பதிவின்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.